மலட்டு ஈயின் வம்சாவளி

(விவசாயிகளும் வேளாண் மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பாகற்கொடி போட்டவர்கள் இந்த அரங்கில் பலர் இருப்பீர்கள். பிஞ்சு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு வளரும். கோணிய இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி, அதைச் சுற்றிக் கசிந்து காய்ந்த பிசின். பிளந்து பார்த்தால் சதையெல்லாம் குழகுழத்துப் போயிருக்கும், நடுவே வெள்ளைப் புழுக்கள் நெளியும். எடுத்துத் தரையில் போட்டால் உடம்பை வளைத்து எம்பிக் குதிக்கும். பழ ஈயின் வேலை. தாய் ஈ வெளியே, புழு காய்க்குள்ளே, கூட்டுப்புழு மண்ணுக்குள்ளே. மருந்துத் தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு போகிறவர் எதைக் குறிவைத்தாலும் மற்ற இரண்டும் தப்பிவிடும்.

இந்த ஈயின் பூர்வீகம் நம் துணைக்கண்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பது பூச்சியியலாளர்களிடையே பரவலான கருத்து. இங்கிருந்து ஆப்பிரிக்கா போயிற்று, ஹவாய் போயிற்று, கிழக்கே தீவு தீவாகத் தாவி ஜப்பானின் தென்கோடிக்கும் போயிற்று. 1919-இல் யாயேயாமா தீவுகள், 1929-இல் மியாகோ, 1970-இல் கூமே, 1972-இல் ஒக்கினாவாப் பெருந்தீவு. ஒக்கினாவாக்காரர்கள் நம்மைவிடவும் பாகற்காய்ப் பிரியர்கள். ஆனால் ஈ இருக்கும் தீவிலிருந்து ஒரு பாகற்காய்கூட ஜப்பானின் மற்றப் பகுதிகளுக்குப் போகக் கூடாது என்று பயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுத்தது. 1972-இல் ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். 1993-இல், கடைசித் தீவுக்கூட்டமான யாயேயாமாவிலும் ஈ ஒழிந்தது. அதற்கு அவர்கள் வானிலிருந்தும் தரையிலிருந்தும் விட்டது மருந்தல்ல, ஈக்கள். 5,000 கோடிக்கும் அதிகமான மலட்டு ஈக்கள்.

அந்த வெற்றிக் கதையைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். நான் பேச வந்தது அதற்குள் இருக்கிற ஒரு முடிச்சைப் பற்றி. கதிர்வீச்சில் மலடாக்கப்பட்ட ஆண் ஈ, காட்டு ஈக்களோடு போட்டி போட்டுப் பெண்ணை அடைய வேண்டும். அதில் கெட்டிக்காரனாக இருக்கும் ஈயைத்தான் நாம் வளர்த்துப் பெருக்க வேண்டும். ஆனால் அவன்தான் மலடனாயிற்றே? பிள்ளை பெற முடியாதவனை எப்படி இனவிருத்தி செய்வது?

முதலில் அடிப்படைக் கணக்கு. அமெரிக்காவில் கால்நடைகளின் புண்ணில் முட்டையிட்டு உயிருள்ள சதையையே தின்னும் திருகுப்புழு ஈ என்று ஒன்று. பிறந்த கன்றின் தொப்புள் புண் போதும் அதற்கு. எட்வர்ட் நிப்லிங் என்ற பூச்சியியலாளர் 1930-களின் பிற்பகுதியில் கவனித்தார்: அந்தப் பெண் ஈ வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே ஒருமுறைதான் இணைகிறது. அந்த ஒருமுறை மலட்டு ஆணோடு என்றால் அவளுடைய முட்டைகள் எல்லாம் பாழ். மலடாக்குவது எப்படி என்பதற்கு ஹெர்மன் முல்லர் வழி காட்டினார். பழ நொதி ஈக்களில் எக்ஸ் கதிர் மரபணுக்களைச் சிதைக்கிறது என்று 1927-இல் நிறுவி, 1946-இல் நோபல் பரிசு வாங்கியவர் அவர். நிப்லிங்கின் சகா ரேமண்ட் புஷ்லண்ட், சான் அந்தோனியோவின் ராணுவ மருத்துவமனையில் இருந்த எக்ஸ் கதிர்க் கருவியில் ஈயின் கூட்டுப்புழுக்களை வைத்துப் பார்த்தார். பலித்தது. 1954-இல் கரீபியக் கடலின் குராசோ தீவில் ஈ ஒழிந்தது. 1959-இல் புளோரிடாவில் ஒழிந்தது. பழைய விமானக் கொட்டகை ஒன்றில் வாரத்துக்கு 5 கோடி ஈ வளர்த்தார்கள். அரசுப் பணத்தில் ஈயின் இல்லற வாழ்க்கையை ஆராய்கிறார்களே என்று கேலி செய்ததற்கெல்லாம் ஈடாக, 2016-இல் அமெரிக்காவில் இந்த ஆய்வுக்குத் தங்க வாத்து விருது கொடுத்தார்கள்.

நிப்லிங்கின் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் யாரும் மயங்கிவிடுவார்கள். ஒரு வட்டாரத்தில் பத்து லட்சம் பெண் ஈ, பத்து லட்சம் ஆண் ஈ. ஒவ்வொரு தலைமுறையிலும் தொகை ஐந்து மடங்காகப் பெருகக்கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமுறைக்குத் தொண்ணூறு லட்சம் மலட்டு ஆண்களை விடுகிறோம். பத்தில் ஒரு இணைவுதான் கருத்தரிக்கும். ஐந்து மடங்கு பெருகியும் அடுத்த தலைமுறையில் பெண்கள் 5 லட்சம்தான். அப்போது மலட்டு ஆண்களின் விகிதம் 18-க்கு 1 ஆகிவிடுகிறது. அதற்கடுத்த தலைமுறை 1,31,500 சொச்சம். பிறகு ஒன்பதாயிரத்துச் சில்லறை. பிறகு ஐம்பது. பிறகு ஒன்றுமில்லை. மருந்து அடித்தால் ஈ குறையக் குறைய மிச்சத்தைத் தேடிப் பிடிப்பது கடினமாகும். இந்த முறையில் குறையக் குறைய வேலை எளிதாகும்.

இந்தக் கணக்கில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. மலட்டு ஆணும் காட்டு ஆணும் பெண்ணின் கண்ணில் சமம் என்ற அனுமானம். அது பொய்த்தால் என்னவாகும் என்று நாமே போட்டுப் பார்க்கலாம். மலட்டு ஆணுக்கு இணையும் திறமை காட்டு ஆணின் கால் பங்குதான் என்று வையுங்கள். அதே தொண்ணூறு லட்சம் ஈக்களின் உண்மையான பலம் இருபத்திரண்டரை லட்சம். மூன்றேகாலுக்கு ஒரு இணைவு கருத்தரிக்கும். ஐந்து மடங்கு பெருக்கத்தோடு சேர்த்தால் அடுத்த தலைமுறையில் பெண் ஈக்கள் 15 லட்சத்தைத் தாண்டும். செலவும் அதே, ஈயும் அதே எண்ணிக்கை; ஆனால் தொகை சரிவதற்குப் பதில் ஏறுகிறது. எத்தனை கோடி விட்டோம் என்று அறிக்கையில் எழுதுகிறவர்கள் இந்த இடத்தை மட்டும் வசதியாகத் தாண்டிவிடுவார்கள்.

பெண் என்ன பார்க்கிறாள்? மத்தியதரைக் கடல் பழ ஈ என்ற இனத்தில் இது மிக நுணுக்கமாகக் கவனிக்கப்பட்டிருக்கிறது. ஆண் ஈக்கள் மரத்தில் சில இலைகளைத் தேர்ந்து, ஆளுக்கொரு இலையின் அடிப்புறத்தில் இடம் பிடித்து உட்காரும். வயிற்றின் நுனியைத் தூக்கி, ஒரு சிறு குமிழைப் பிதுக்கி, வாசனை விடும். பெண் வந்து எதிரே இறங்குவாள். ஆண் வயிற்றைக் கீழே மடித்துக்கொண்டு சிறகுகளை அதிரவிட்டு, வாசனையை அவள் பக்கம் தள்ளுவான். பிறகு சிறகை முன்னும் பின்னும் வீசி விட்டுவிட்டு ரீங்காரம். தலையை இடவலமாக ஆட்டுவான். இரண்டு முகங்களுக்கும் இடையே சில மில்லிமீட்டர்தான் இருக்கும். எல்லாம் சரியாக அமைந்தால் பாய்ந்து ஏறுவான். பெரும்பாலும் அமையாது. அவள் ஒதுங்கிப் பறந்துவிடுவாள். இயற்கையில் பெரும்பாலான ஆண்களுக்குக் கிடைப்பது ஏமாற்றம்தான். இப்படிப்பட்ட சந்தையில்தான் நம் தொழிற்சாலைப் பையன் போய் நிற்க வேண்டும், அதுவும் கதிர்வீச்சு வாங்கிய உடம்போடு.

கதிர்வீச்சு எவ்வளவு? ஒக்கினாவாவில் கோபால்ட்-60-இன் காமா கதிரில் 70 கிரே கொடுத்தார்கள்; கிரே என்பது உடம்பு வாங்கும் கதிரின் அலகு. மத்தியதரைக் கடல் பழ ஈக்கு 100 கிரேயும் அதற்கு மேலும் கொடுப்பது உண்டு. மனிதனுக்கு 4, 5 கிரே உடம்பு முழுக்கப் பட்டால் உயிருக்கே ஆபத்து. ஈ தாங்குகிறதென்றால் காரணம், கூட்டுக்குள் சிறகு, கால், கண் எல்லாம் உருவாகி முடிந்தபின், வெளிவர ஓரிரு நாள் இருக்கும்போதுதான் கதிரை வைக்கிறார்கள். பிளவுபட்டுக்கொண்டிருக்கும் செல்களைத்தான் கதிர் அதிகம் தாக்கும். விந்துச் செல்கள் சிதையும், சிறகு பிழைக்கும். ஆனால் குடலின் உட்சுவர்ச் செல்களும் பிளந்துகொண்டே இருப்பவை. அவையும் அடிவாங்குகின்றன. குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களின் சமநிலை குலைகிறது. முழு மலட்டுத்தன்மை வேண்டும் என்று அளவை ஏற்றினால் ஆணின் துடிப்பு போகும். துடிப்பு வேண்டும் என்று குறைத்தால் சில முட்டைகள் பொரிக்கும். இந்த இழுபறியில் பல திட்டங்கள் மலட்டுத்தன்மையின் பக்கம் தேவைக்கு மேல் சாய்ந்துவிடுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

இருந்தாலும் கதிர்வீச்சை மட்டும் குற்றவாளியாக்கக் கூடாது. கதிர் படும் முன்பே, தலைமுறை தலைமுறையாக, தொழிற்சாலை அந்த ஈயை மாற்றிவிடுகிறது.

முட்டைக்காக வைத்திருக்கும் கூண்டில் ஆயிரக்கணக்கான ஈக்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். அங்கே இலை இல்லை, இடம் பிடிக்க வேண்டியதில்லை, பெண் விலகிப் போகவும் வழியில்லை. நிதானமாகத் தலையாட்டி ரீங்காரம் போடுகிறவனை அடுத்தவன் இடித்துத் தள்ளிவிடுவான். அவசரமாகப் பாய்கிறவனுக்கே பிள்ளை. கோஸ்டாரிக்காவில் பிரிசேனோ, எபர்ஹார்ட் இருவரும் படம் பிடித்துப் பார்த்தபோது, தொழிற்சாலை ஆண்களின் காதல் சடங்கு காட்டு ஆண்களுடையதைவிடக் குறுகியிருந்தது தெரிந்தது. நாம் யாரும் அதைக் கேட்கவில்லை. நெரிசல் தானாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது.

திருகுப்புழு ஈயில் இதற்கு விலை கொடுத்தார்கள். 1960-களில் டெக்சாஸ் பக்கம் ஏறக்குறைய அடங்கிவிட்டது என்று நினைத்த நோய் 1972-இல் திரும்ப வெடித்தது. அந்த ஒரே ஆண்டில் அமெரிக்காவில் சுமார் 95,000 கால்நடைகளில் புழு. ஈ உற்பத்தி குறையவில்லை, விமானங்கள் பறந்துகொண்டுதான் இருந்தன. 1976-இல் கை புஷ்ஷும் சக ஆய்வாளர்களும் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பறக்கும் தசைக்கு ஆற்றல் தரும் வேதிவினையில் பங்குள்ள ஒரு நொதியின் ஒரு வகை, தொழிற்சாலை ஈக்களில் மிகுந்திருந்தது. காட்டில் அது அரிது. எந்நேரமும் ஒரே சீராகச் சூடேற்றிய அறையில், பறக்கத் தேவையே இல்லாமல் வாழ்ந்த ஈக்களுக்கு அது பொருந்திப்போயிருக்கிறது; வெளியே குளிர்ந்த நேரத்தில் பறந்து பெண்ணைத் தேட அது உதவவில்லை என்பது அவர்கள் வாதம். 1972-இன் வானிலையும் வேறு காரணங்களும் சேர்ந்துதான் அப்படியாயிற்று என்று மறுத்தவர்களும் உண்டு. விவாதம் எப்படியானாலும், தொழிற்சாலை வம்சத்தை அவ்வப்போது மாற்றிப் புது ரத்தம் ஏற்ற வேண்டும் என்ற வழக்கம் அதன்பின் வேரூன்றியது.

ஒக்கினாவாவில் கண்டது இன்னும் நுட்பமானது, எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். நம் பாகற்காய்ப் பழ ஈ இணைவது அந்தி மயங்கும் வேளையில். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தொழிற்சாலைக்கு என்ன வேண்டும்? சீக்கிரம் வளரும் ஈ, சீக்கிரம் முட்டையிடும் ஈ. வயதான ஈயின் முட்டைக்காக யாரும் காத்திருப்பதில்லை. எனவே அங்கே வளர்ந்த வம்சம் இளமையிலேயே நிறைய முட்டையிட்டு, அற்பாயுளில் சாகும் வம்சமாக மாறியது. மியாத்தாக்கே, ஷிமிசு ஆகியோர் 1990-களில், வேகமாக வளரும் ஈக்களை மட்டும் பொறுக்கி ஒரு வரிசையும், மெதுவாக வளரும் ஈக்களைப் பொறுக்கி இன்னொரு வரிசையும் வளர்த்துப் பார்த்தார்கள். வேக வரிசை மாலையில் முன்னதாகவே இணைந்தது. மெதுவான வரிசை இருட்டிய பிறகு இணைந்தது. வளர்ச்சியின் வேகத்தையும் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தையும் ஒரே மரபணுப் பின்னணி ஆட்டிவைக்கிறது. வளர்ப்புச் செலவைக் குறைக்க இரண்டு நாள் மிச்சம் பிடிக்கப்போய், ஆண் ஈ மாலையில் பெண் வருவதற்கு முன்பே கடையை விரித்துக் கட்டிவிட்டுப் போய்விடும் நிலை வந்துவிடலாம். அவன் ஆரோக்கியமாகத்தான் இருப்பான், நன்றாகத்தான் பறப்பான். தரச் சோதனையில் ஈக்களை உட்புறம் பவுடர் பூசிய 10 சென்டிமீட்டர் உயரக் குழாய்க்குள் விட்டு, ஏறி வர முடியாமல் பறந்து வெளியேறுபவை எத்தனை என்று எண்ணுவார்கள். அதில் நூற்றுக்கு நூறு வாங்குவான். சந்தை நேரம் மட்டும்தான் தப்பு.

இப்போது முடிச்சுக்கு வருகிறேன். தொழிற்சாலை தேர்ந்தெடுப்பதற்கு எதிராக நாமும் தேர்ந்தெடுக்க வேண்டும். எப்படி?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் கொங்குநாட்டு மாட்டுப்பட்டிகளில் பல தலைமுறையாக இருக்கிறார்கள். காங்கேயம் வண்டி மாட்டை எண்ணிப் பாருங்கள். பாரம் இழுப்பது, ஓடுவது, கட்டுக்கு அடங்குவது எல்லாம் காயடித்த எருதின் குணம். அது பிள்ளை பெறாது. ஆனாலும் தலைமுறைக்குத் தலைமுறை நல்ல எருது வந்துகொண்டுதானே இருக்கிறது? பழையகோட்டைப் பட்டக்காரர் மாதிரியானவர்கள் மந்தையில் எந்தக் காளைக்கும் எந்தப் பசுவுக்கும் பிறந்த எருது நன்றாக உழைக்கிறது என்று பார்த்து, அதன் அண்ணன் தம்பியில் ஒன்றைக் காயடிக்காமல் பூச்சிக்காளையாக விட்டுவைப்பார்கள். தேர்வு எழுதுவது ஒருவன், பட்டம் வாங்குவது அவன் சகோதரன்.

சார்ல்ஸ் டார்வினுக்கும் இதே முடிச்சுதான் விழுந்தது. எறும்புப் புற்றில் மலட்டு வேலைக்காரிகளுக்கு விதவிதமான உருவமும் திறமையும் இருக்கின்றன. பிள்ளையே பெறாதவளின் திறமை எப்படி இயற்கைத் தேர்வால் வந்திருக்கும்? தன் கொள்கையே இதில் கவிழ்ந்துவிடுமோ என்று அவர் முதலில் அஞ்சினார். 1859-இல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் அவர் விடை சொன்னபோது எடுத்துக்காட்டியதும் காயடித்த எருதைத்தான். நீண்ட கொம்புள்ள எருதுகளைப் பெற்றுத்தரும் காளையையும் பசுவையும் பார்த்துப் பார்த்துச் சேர்த்தால், எந்த எருதும் தன் இனத்தைப் பெருக்காமலேயே அப்படியொரு இனம் உருவாகும் என்றார். தேர்வு குடும்பத்தின் மீது நடக்கிறது, தனி ஆளின் மீது அல்ல.

ஈக்கு இதைப் பொருத்தினால் வழி தெளிவாகிறது. ஒவ்வொரு தாயின் முட்டைகளையும் தனித்தனியே வளர்க்க வேண்டும். ஒரு குடும்பத்தின் ஆண்களில் பாதியைக் கதிரில் வைத்து, களக் கூண்டில் விட்டுச் சோதிக்க வேண்டும். எந்தக் குடும்பத்தின் மலட்டு ஆண்கள் அதிகப் பெண்களை வென்றார்களோ, அந்தக் குடும்பத்தின் கதிர் படாத ஆண்களைக் கொண்டு அடுத்த தலைமுறை. சொல்லும்போது எளிது. நூறு குடும்பம் என்றால் நூறு டப்பா, நூறு பெயர்ச்சீட்டு, ஒவ்வொன்றுக்கும் களச் சோதனை. ஈக்குத் தலைமுறை ஒரு மாத அளவுதான். மூச்சு விட நேரமிருக்காது. ஆகவே நடைமுறையில் பெரும்பாலும் சுருக்கு வழியில் போகிறார்கள்: கதிர் படாத, பிள்ளை பெறக்கூடிய ஆண்களையே களக் கூண்டில் காட்டு ஆண்களோடு மோதவிட்டு, வென்றவர்களை வம்சத்துக்கு எடுப்பது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளை மலடாக்கிச் சோதித்துப் பார்ப்பது.

களக் கூண்டு என்று சொன்னேன். சுமார் 3 மீட்டர் குறுக்களவும் 2 மீட்டர் உயரமும் உள்ள வலைக்கூடாரம், உள்ளே ஒரு கன்றுமரம். சம எண்ணிக்கையில் காட்டு ஆண், மலட்டு ஆண், காட்டுப் பெண். முதுகில் நிறப் பொட்டு வைத்து யார் எவர் என்று அடையாளம். ஓர் ஆய்வாளர் உள்ளே போய் உட்கார்ந்திருப்பார். ஜோடி சேர்ந்ததும் ஒரு சின்னக் குப்பியைக் கவிழ்த்துப் பிடிப்பார். நேரம், இலையின் எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் சேர்ந்திருந்தன என்று குறிப்பார். நடந்த இணைவுகளில் பாதி மலட்டு ஆணுக்குக் கிடைத்தால் இருவரும் சமம் என்று பொருள். கொசுக்கடிக்கு நடுவே, வியர்வையில், மணிக்கணக்கில் ஈயின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. கோடிக்கணக்கான ரூபாய்த் திட்டங்களின் உயிர்நாடி இதில்தான் இருக்கிறது, ஆனால் பட்ஜெட்டில் கை வைக்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் இதுதான்.

மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் தபாச்சுலா என்ற ஊர். அதன் அருகே மெத்தாப்பாவில் 1979-இல் பழ ஈ ஆலை தொடங்கப்பட்டது. மத்தியதரைக் கடல் பழ ஈயை 1982-இலேயே மெக்சிகோவிலிருந்து விரட்டியவர்கள் அவர்கள். அங்கே மெக்சிகோப் பழ ஈ என்ற இன்னோர் இனத்துக்குத் 'தபாச்சுலா-7' என்று ஒரு வம்சம் வைத்திருக்கிறார்கள். அதில் பெண்ணின் கூட்டுப்புழு கறுப்பாகவும் ஆணுடையது பழுப்பாகவும் இருக்கும். நிறம் பார்த்துப் பெண்ணை ஒதுக்கிவிட்டு ஆணை மட்டும் விடலாம். அருமையான வசதி. ஆனால் மரபணுவில் இப்படிக் கைவைத்த வம்சங்கள் இணைவதில் கொஞ்சம் சோடைதான். கிந்தேரோ-போங், லியேதோ முதலிய ஆய்வாளர்கள் அந்த வம்சத்து ஆண்களைக் களக் கூண்டில் போட்டியிடவிட்டு, வென்றவர்களைத் தந்தையராக்கி, புதிதாக ஒரு வரிசையை வளர்த்தார்கள். இப்படித் தேர்ந்த வரிசையின் ஆண்கள் பழைய வரிசையைவிட மேம்பட்டார்கள் என்று 2016-இல் எழுதினார்கள். ஹவாயில் மெக்கின்னிஸும் அவர் குழுவினரும் அதற்கு முன்பே மத்தியதரைக் கடல் பழ ஈயில் இதே திசையில் முயன்றிருக்கிறார்கள்.

இதில் கைவிடக் கூடாத சந்தேகம் ஒன்று உண்டு. கதிர் படாமல் வென்றவனின் வம்சம், கதிர் பட்ட பிறகும் வெல்லுமா? இரண்டும் ஒரே திறமை அல்ல. ஒன்று பெண்ணைக் கவரும் சாமர்த்தியம். மற்றது அடிபட்ட குடலோடும் குறைந்த தெம்போடும் அந்தச் சாமர்த்தியத்தைக் காட்டும் தாங்கும் சக்தி. முதலாவதை மட்டும் தேர்ந்தெடுத்தால் இரண்டாவது கூடவே வரலாம், வராமலும் போகலாம். குடும்பத் தேர்வு சிரமமானதுதான், இருந்தும் அதை அடியோடு ஒதுக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

தேர்ந்த வம்சத்தைக் காப்பதும் தனி வேலை. வென்ற வம்சத்தைக் கொண்டுபோய் ஆலைக் கூண்டில் கொட்டினால், நெரிசல் மறுபடி தன் தேர்வைத் தொடங்கிவிடும். அதனால் மூல வம்சத்தைத் தனியே, இடநெருக்கடியில்லாமல், இலையும் பழமும் வைத்து, சின்னத் தொகையாகப் பேணுகிறார்கள். அதிலிருந்து முட்டையெடுத்துச் சில தலைமுறை மட்டும் பெருக்கி, ஆலைக்கு அனுப்பி, மலடாக்கி விட்டுவிடுவார்கள். ஆலையில் பிறந்த எதுவும் மூலத் தொகைக்குள் திரும்பி வராது. மத்தியதரைக் கடல் பழ ஈயில் 'வியன்னா-8' வம்சத்தை இப்படித்தான் வடிகட்டி வைத்திருக்கிறார்கள். அதன் பெண் முட்டைகள் 34 டிகிரி வெந்நீரில் ஒரு நாள் வைத்தால் செத்துவிடும். ஆண் முட்டைகள் பிழைக்கும். குவாத்தமாலாவின் எல் பினோ ஆலையில் வாரத்துக்கு நூறு கோடிக் கணக்கில் ஆண் ஈ வருவது இந்த வழியில்தான்.

வம்சத்தைத் தொடாமலேயே ஆணைத் தேற்றும் வழிகளும் உண்டு. டாட் ஷெல்லி என்பவர் ஹவாயில் கண்டது: இஞ்சி எண்ணெயின் வாசனையில் சில மணி நேரம் இருந்துவிட்டு வந்த மலட்டு ஆண்களுக்குப் பெண்களிடம் மவுசு கூடுகிறது. எண்ணெய் குடிக்க வேண்டாம், முகர்ந்தாலே போதும். சிரிக்காதீர்கள், அமெரிக்க ஆலைகளில் அன்றாடம் இதைச் செய்கிறார்கள். கதிர்வீச்சால் கெட்ட குடல் பாக்டீரியாவைத் தீனியில் கலந்து திருப்பிக் கொடுத்தால் ஆணின் இணையும் திறன் மீள்கிறது என்று இஸ்ரேலில் 2010-இல் காட்டினார்கள். ஆக்சிஜன் குறைந்த உறையில் வைத்துக் கதிர் கொடுத்தால் உடம்புச் சேதம் குறைகிறது.

நாம் ஆணைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கும்போது பெண்ணும் சும்மா இருப்பதில்லை. மலட்டு ஆணை ஏற்ற பெண்ணுக்கு வாரிசு கிடையாது. மறுத்த பெண்ணுக்கு மட்டுமே பிள்ளைகள். ஆக, நாம் விடும் ஒவ்வொரு மலட்டு ஈயும் காட்டில் ஒரு தேர்வை நடத்துகிறது: சந்தேகப்படும் பெண்களைப் பெருக்குகிறது. இது வெறும் தர்க்கமல்ல. ஒக்கினாவாப் பெருந்தீவில் மலட்டு ஆண்களை ஏற்காத காட்டுப் பெண்கள் தோன்றிவிட்டதை ஹிபினோ, இவாஹாஷி இருவரும் 1991-இல் எழுதினார்கள். ஹவாயின் கவாய் தீவில், மலட்டு ஈ விடப்பட்ட பகுதியின் பெண்கள் ஆய்வுக்கூட ஆண்களைத் தட்டிக்கழித்ததை மெக்கின்னிஸ் குழு 1996-இல் எழுதியது. ஒக்கினாவாவில் திட்டம் தோற்கவில்லை. பெண்கள் பெருகும் வேகத்தை முந்திக்கொண்டு ஈக்களைக் கொட்டினார்கள், முதலில் கவர்ச்சிப் பொறிகளால் தொகையைக் குறைத்தார்கள், முடித்தார்கள். ஆண்டுக்கணக்கில் இழுத்துப் பாதி வலுவில் விட்டுக்கொண்டிருக்கிற திட்டத்துக்குத்தான் இந்த ஆபத்து பெரிது. அரைகுறையாக விடுவது விடாமலிருப்பதைவிட மோசம்.

இங்கே செய்யலாமா என்று கேட்பீர்கள் என்று தெரியும். கூமே ஒரு தீவு. குராசோ ஒரு தீவு. சுற்றிக் கடல் இருந்தால் ஒழித்த ஈ ஒழிந்ததாக இருக்கும். நம் நிலத்தில் அடுத்த தாலுகாவிலிருந்து கருவுற்ற பெண் ஈ வந்துகொண்டே இருக்கும். இது அதன் தாய்மண் வேறு. காட்டுக் கொடிகளில் அதற்கு ஆண்டு முழுவதும் இடமுண்டு. பந்தலுக்குப் பந்தல் தனித்தனியே மலட்டு ஈ வாங்கி விடுவதில் பயனில்லை. ஒரு வட்டாரம் முழுக்க ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். கவர்ச்சிப் பொறி வைப்பது, சொத்தைக் காயைப் பறித்து வயலோரம் எறியாமல் அழிப்பது ஆகிய இரண்டையும் எல்லோரும் சேர்ந்து செய்யவே நம்மால் இன்னும் முடியவில்லை. அதைச் செய்யாமல் கோபால்ட் அறை கட்டுவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

ஆனால் மாணவர்கள் கட்டிடமும் கோபால்ட்டும் இல்லாமல் நாளைக்கே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஒட்டன்சத்திரத்துப் பந்தலிலும் ஒசூர்ப் பந்தலிலும் பழ ஈ அந்தியில் எத்தனை மணிக்கு இணையத் தொடங்குகிறது, எந்த இலையில், வெயில் காலத்திலும் மழைக் காலத்திலும் அந்த நேரம் நகர்கிறதா? ஆய்வுக்கூடத்தில் பத்துத் தலைமுறை வளர்த்த பிறகு அதே ஈ எத்தனை மணிக்கு இணைகிறது? ஒரு வலைக்கூடாரம், சில குப்பிகள், ஒரு கடிகாரம் போதும். யாராவது செய்ய முன்வந்தால் கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். இப்போது கேள்விகளுக்குப் போகலாம்.